பரணிலிருந்து இறங்கிய மிக்-21: பழைய பிளாஸ்டிக் மாடலில் என்ன கோளாறு, எப்படிச் சரிசெய்வது

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 போர் விமானங்களுக்கு விடை கொடுத்தார்கள். 1963-இல் இந்திய விமானப் படைக்கு வந்தவை; 62 வருடச் சேவை. அன்று சாயங்காலமே நாற்காலி போட்டுப் பரணில் ஏறி, அண்ணனும் நானும் 1987-இல் பாதியில் விட்டுவிட்ட மிக்-21 கிட்டை, அதாவது பாகம் பாகமாக ஒட்டிக் கட்டும் மாடல் பெட்டியை, கீழே இறக்கினேன். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. பெட்டியின் ஒரு மூலையைப் பூச்சி அரித்திருந்தது. ஒரு இறக்கை மட்டும் ஒட்டி, அதற்குப் பெயிண்ட்டும் அடித்திருந்தோம்.

அடுத்த மூன்று மாதத்தில் பழைய கிட்டுக்கு வரக்கூடிய கோளாறு ஏறக்குறைய எல்லாமே அந்தச் சின்ன விமானத்துக்கு வந்தன. அவற்றை வந்த வரிசையிலேயே எழுதுகிறேன். உங்கள் மேசையில் இருப்பது ஹன்டர், நாட், ஃபேன்டம் என்று எந்தப் போர் விமானத்தின் மாடலானாலும் பெரும்பாலான வைத்தியம் ஒன்றுதான்.

தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். பழைய கிட்டில் இரண்டு வகைக் குறைகள் உண்டு. விமானத்தை விமானமாக நிற்கவிடாத குறை ஒன்று: வளைந்த உடல், திறந்த மூட்டு, வால் தரையில் இடிப்பது. இவற்றைச் சரிசெய்தே ஆக வேண்டும். இன்னொன்று அந்தக் காலத்தின் அடையாளம்: புடைத்த கோடுகள், தடித்த சக்கரக் கால்கள், பெயருக்கு ஒரு நாற்காலி மட்டும் உள்ள விமானி அறை. இவற்றில் கை வைக்காதீர்கள் என்பது என் கருத்து. நுணுக்கமான மாடல்தான் வேண்டுமென்றால் புதிய அச்சில் வந்த கிட் கிடைக்கிறது. பழையதைத் தேடி எடுப்பது அது பழையது என்பதற்காகத்தானே.

பெட்டியில் வெறும் "மிக்-21" என்று மட்டும் இருக்கிறது; எந்த ரகம் என்று தெரியவில்லை

மூக்கைப் பாருங்கள். வேகத்தை அளக்க முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோ குழாய் மூக்குக்குக் கீழே இருந்து, மூக்கும் நடுவில் உள்ள கூம்பும் ஒல்லியாக இருந்தால் அது எஃப்-13. குழாய் மூக்குக்கு மேலே இருந்தால் பி.எஃப். அல்லது அதற்குப் பின்னால் வந்த ரகம். அதிலும் முதுகு பருத்து, விமானி அறையின் கண்ணாடி மூடி பக்கவாட்டில் திறந்தால் இன்னும் பிந்தியது.

இது நமக்கு ஏன் முக்கியம் என்றால், இந்தியா முதலில் வாங்கிய சிறு தொகுதிதான் எஃப்-13. 1971 போரில் பறந்தவையும் நாசிக்கில் அரசு விமான நிறுவனமான எச்.ஏ.எல். முதலில் கட்டியவையும் எஃப்.எல். ரகம். ஆகவே எஃப்-13 கிட்டில் 1971-இன் எண்களை ஒட்டினால் பொருந்தாது, மூக்கே வேறு. என்னுடையது எஃப்-13. அதை அறுத்து எஃப்.எல். ஆக்க எனக்கு மனம் வரவில்லை. வெள்ளி நிறத்தில் வந்திறங்கிய முதல் விமானங்களில் ஒன்றாகவே கட்ட முடிவு செய்தேன்.

உடலின் இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று சேர்த்தால் வாழைக்காய் மாதிரி வளைந்து நிற்கின்றன

பரண் சூடுதான் காரணம். மேலே ஓடோ தகரமோ இருந்தால், கோடையில் பிளாஸ்டிக் மெல்ல மெல்லத் தன் எடையிலேயே வளைந்துவிடும். பயப்பட வேண்டாம். இந்தக் கிட்கள் பாலிஸ்டைரீன். 100 டிகிரிக்குப் பக்கத்தில் இளகும். கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், கொதிக்கக் கூடாது. பாகத்தை அரை நிமிடம் முக்கி எடுத்து, மெதுவாக நேராக்கி, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த தண்ணீரில் விடுங்கள். ஒரே தடவையில் நேராக்கப் பார்த்தால் ஒடிந்துவிடும். எனக்கு ஐந்து தடவை ஆயிற்று.

இறக்கை போன்ற தட்டையான பாகத்தைச் சூடு காட்டிய பிறகு இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகம் வைத்தால் போதும்.

பாகங்களின் ஓரத்தில் சவ்வு மாதிரி பிளாஸ்டிக் ஒட்டியிருக்கிறது

அச்சு தேய்ந்ததால் வருவது. அச்சின் இரு பாதிகளும் இறுக்கமாக மூடாத இடத்தில் பிளாஸ்டிக் பிதுங்கிவிடுகிறது. வெட்டாதீர்கள், சுரண்டுங்கள்: பிளேடை நட்டுக்குத்தாகப் பிடித்து ஓரத்தோடு இழுத்தால் சுருள் சுருளாக வந்துவிடும். சக்கரக் கதவுகளிலும் ஏவுகணையின் சிறகுகளிலும் மட்டும் கூடுதல் பொறுமை வேண்டும். எது சவ்வு, எது சிறகு என்றே தெரியாது.

பெயிண்ட் ஒட்டாமல் துளித்துளியாக விலகுகிறது

அச்சிலிருந்து பாகம் எளிதாகக் கழல்வதற்காகத் தொழிற்சாலையில் பூசிய எண்ணெய், அதற்கு மேல் நாற்பது வருடத் தூசியும் கைப் பிசுக்கும். பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். சிங்க்கில் கழுவினால் கீழே வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். சின்ன பாகம் குழாய்க்குள் போனால் வேறு கிடைக்காது.

முன்பு யாரோ ஒட்டிய மூட்டு கோணலாக இருக்கிறது, பிரிக்க வேண்டும்

முதலில் என்ன பசை என்று பாருங்கள். வெள்ளை படர்ந்து, கண்ணாடி மாதிரி இறுகியிருந்தால் ஃபெவிக்விக் வகை. அதை ஒரு இரவு ஃப்ரீசரில் வைத்தால் பசை நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். காலையில் எடுத்த கையோடு மூட்டில் பிளேடை வைத்து மெல்ல முறுக்கினால் 'டக்' என்று விடும். டியூபில் வரும் பிளாஸ்டிக் பசை என்றால் கதை வேறு. அது பிளாஸ்டிக்கையே கரைத்து, இரு துண்டையும் ஒன்றாக்கிவிடும். மூட்டில் மெல்லிய ரம்பத்தால் அறுப்பதைத் தவிர வழியில்லை. பசை குறைவாக விட்ட இடங்கள் மட்டும் பிளேடுக்கே விட்டுக்கொடுக்கும்.

பழைய பெயிண்ட்டை எடுக்க பிரேக் ஆயில் உதவும். கண்ணாடிச் சீசாவில் பாகத்தை ஒரு இரவு ஊறவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் எனாமல் உரிந்து வரும். பிறகு சோப்பு போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். கண்ணாடிப் பாகங்களை அதில் போடவே கூடாது.

எங்கள் மிக்-21-இன் இடது இறக்கையில் அண்ணன் அடித்திருந்த வெள்ளி நிறத்தை இப்படி எடுக்கலாம் என்று சீசாவை எடுத்து வைத்தேன். அதற்கு முன் திருப்பூரில் இருக்கும் அண்ணனுக்கு ஃபோன் போட்டு, அது என்ன பெயிண்ட் என்று கேட்டேன். "வாசல் கேட்டுக்கு அடிச்சதுல மிச்சம்டா அது. அப்பா டப்பாவுல வச்சிருந்தாரு" என்றான். அந்த கேட்டும் இல்லை, வீடும் இல்லை. இறக்கையின் மேல்பக்கத்தை மட்டும் சுரண்டி எடுத்தேன். அடிப்பக்கம் அலுமினிய பெயிண்ட்டும் அதில் இழுபட்ட பிரஷ் மயிர்க் கோடுகளுமாக அப்படியே இருக்கிறது. இது விமானத்தை நிற்கவிடாத குறை இல்லை.

இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி

என் கிட்டின் அளவு விகிதம் 1/72. 1/72 என்றால் நிஜத்தில் ஆறு அடி, மாடலில் ஒரு அங்குலம். மிக்-21-இன் இறக்கை அகலம் 7.15 மீட்டர்; மாடலில் பத்து சென்டிமீட்டர்கூட வராது. அதில் அரை மில்லிமீட்டர் இடைவெளி நிஜ விமானத்தில் 36 மில்லிமீட்டர். கண்ணை உறுத்தத்தான் செய்யும்.

பட்டி பார்ப்பதற்கு முன் பசையில்லாமல் வெறுமனே பொருத்திப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட இடைவெளிகள் உள்ளே ஏதோ ஒரு முளை தடுப்பதால் வருபவை. அந்த முளையைச் செதுக்கினாலே மூட்டு மூடிவிடும். அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால், பாகங்கள் ஒட்டியிருந்த சட்டத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் திரவப் பசையோடு போட்டு வையுங்கள். மறுநாள் தேன் பதத்தில் கூழாக இருக்கும். அதுவே பட்டி. நிறமும் அதே, கடினமும் அதே. ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள்; அவசரப்பட்டுத் தேய்த்தால் பின்னால் உள்வாங்கி, பள்ளம் தெரியும்.

தேய்ப்பதற்கு கார் பெயிண்ட் அடிப்பவர்கள் பயன்படுத்தும் வாட்டர் பேப்பர். 400-இல் தொடங்கி 600, 1000 என்று, தண்ணீர் தொட்டுத் தொட்டு.

ஒட்டும்போதே இறக்கையின் சாய்வையும் பாருங்கள். மிக்-21-இன் இறக்கை நுனிகள் லேசாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும், இரண்டு டிகிரி. அட்டையில் அந்தச் சாய்வை வெட்டி, பசை இறுகும்வரை அடியில் முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரு இறக்கை ஏறியும் ஒன்று இறங்கியும் நிற்கும்.

பசை வழிந்து மேற்பரப்பு உருகிவிட்டது

துடைக்காதீர்கள். துடைத்தால் உருகிய பிளாஸ்டிக் பரவி, கை ரேகையும் பதியும். தொடாமல் இரண்டு நாள் விடுங்கள். கல்லாக இறுகியதும் மேடாக நிற்பதை மட்டும் செதுக்கி, வாட்டர் பேப்பரால் சமன் செய்யுங்கள்.

தேய்த்த இடத்தில் புடைத்த கோடுகள் மறைந்துவிட்டன

அந்தக் காலத்துக் கிட்களில் தகடுகளின் மூட்டுகள் பள்ளமாக இல்லாமல் மேடாக இருக்கும். மூட்டைத் தேய்க்கும்போது அவையும் போகும். எல்லாக் கோட்டையும் வழித்துவிட்டு, ஊசியால் புதிதாகக் கீறுகிறவர்கள் உண்டு. உழைப்பு பெரிதுதான், ஆனால் முடிவில் அது வேறொரு மாடல். போன கோட்டை மட்டும் திரும்பக் கொண்டுவர ஒரு வழி: சட்டத்தின் ஒரு துண்டை மெழுகுவத்திக்கு மேலே காட்டி, இளகியதும் இரு பக்கமும் இழுங்கள். மயிரிழை மாதிரி நீளும். அதைக் கோட்டின் மேல் கிடத்தி, திரவப் பசையை பிரஷ்ஷால் லேசாகத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்ததும் மெதுவாக ஒரு தேய்ப்பு. பக்கத்தில் இருக்கும் அசல் கோட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது.

சக்கரத்தில் நிற்க வைத்தால் வால் தரையில் உட்காருகிறது

ஜெட் மாடல்களில் இது மிகச் சகஜம். நிஜ விமானத்தில் மூக்குப் பக்கம் எடை இருக்கும். மாடலில் முன்பக்கம் வெறும் காற்று. பின்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக், முன்னால் இருப்பதைவிடக் கனம். பழைய கிட்களின் வழிகாட்டித் தாளில் இதைப் பற்றிச் சில சமயம் ஒரு வரி இருக்கும், சில சமயம் இருக்காது. ஆகவே உடலை ஒட்டுவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் டேப் போட்டுச் சேர்த்து, பின்சக்கரம் வரும் இடத்துக்கு நேர் கீழே ஒரு பென்சிலைக் குறுக்காக வைத்து, அதன் மேல் விமானத்தை நிறுத்துங்கள். மூக்கின் மேல் தூண்டில் ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வாருங்கள். எந்தக் குண்டில் மூக்கு சாய்கிறதோ அதுதான் குறைந்தபட்ச எடை. அதோடு இன்னும் பாதி சேர்த்துக்கொள்ளுங்கள். பெயிண்ட்டும் பட்டியும் வால் பக்கமும் ஏறும். எனக்கு நான்கில் சாய்ந்தது, ஆறு வைத்தேன்.

மிக்-21-இல் எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். மூக்கு முழுக்கக் காற்றுத் துளை, நடுவில் கூம்பு. கூம்பு உள்ளே கூடாக இருந்தால் முதல் குண்டு அங்கே. மூக்கு நுனியில் வைக்கும் ஒரு குண்டு, நாற்காலிக்குப் பின்னால் வைக்கும் இரண்டுக்குச் சமம். மிச்சத்தை விமானி அறையின் தரைக்கு அடியிலும் முன்சக்கர அறையின் இரு பக்கத்திலும் வைக்கலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. ஈயக் குண்டை ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையால் ஒட்டவே ஒட்டாதீர்கள். அந்தப் பசையிலிருந்து கசியும் அமிலம் வருடக்கணக்கில் ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். பொடி ஈயத்தைவிட அதிக இடம் பிடிக்கும். கட்டி முடித்து அலமாரியில் வைத்த மாடலின் மூக்கு சில வருடம் கழித்து உள்ளிருந்தே வெடித்துப் பிளந்துகொள்ளும். இரண்டு டியூப்களைக் கலந்து பயன்படுத்தும் எப்பாக்ஸி பசைதான் சரி. ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

சரி, ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது என்றால்? முன்சக்கர அறையின் கூரையில் ஒரு துளை போட்டு, குண்டுகளை உள்ளே தள்ளி, எப்பாக்ஸியைச் சொட்டவிட்டு, அது இறுகும்வரை விமானத்தை மூக்கு கீழாக ஒரு டம்ளரில் நிறுத்தி வையுங்கள்.

கண்ணாடி மூடி மங்கலாக இருக்கிறது, அல்லது ஒட்டியபின் வெண்மை படர்ந்துவிட்டது

கீறலால் வந்த மங்கல் என்றால் 2000 எண் வாட்டர் பேப்பரால் தண்ணீரில் தேய்த்து, பிறகு வெள்ளை டூத்பேஸ்டை மெல்லிய துணியில் தொட்டு மெருகேற்றுங்கள். பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும். ஃபெவிக்விக் வகைப் பசையின் ஆவியால் படர்ந்த வெண்மைக்கும் பெரும்பாலும் இதுவே மருந்து, உட்பக்கம் கை நுழைந்தால். விரிசல் விழுந்திருந்தால் வைத்தியம் இல்லை.

மூடியை ஒட்டுவதற்கு ஃபெவிகால் போதும். ஈயத்துக்கு ஆகாத அதே பசை இங்கே நல்லது: உலர்ந்ததும் நிறமில்லாமல் போகும், சிறு இடைவெளியையும் அடைக்கும், பிடிக்காவிட்டால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.

வெள்ளி நிறம் திட்டுத்திட்டாக, கீறல் கீறலாகத் தெரிகிறது

வெள்ளியில் எதையும் ஒளிக்க முடியாது. பச்சையிலும் சாம்பலிலும் கண்ணுக்கே தெரியாத 600-ஆம் எண் தேய்ப்பு வெள்ளியில் உழவுசால் மாதிரி தெரியும். ஆகவே 1500, 2000 வரை தேய்த்து முடித்து, பளபளப்பான கறுப்பை முதல் பூச்சாக அடியுங்கள். அதில் என்னென்ன தெரிகிறதோ அதெல்லாம் வெள்ளியிலும் தெரியும். திரும்பப் பட்டி பார்த்து, திரும்பக் கறுப்பு அடித்து, அதன் பிறகுதான் வெள்ளி. மெல்லிய பூச்சுகளாக மூன்று.

சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் ஸ்ப்ரே அடித்தால் பூச்சு வெளிறி, பால் படர்ந்த மாதிரி ஆகிவிடும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது. மழை விட்ட நாளில், நடுப்பகலில் அடியுங்கள். ஏற்கெனவே வெளிறியிருந்தால் வெறும் தின்னரைத் தூரத்திலிருந்து லேசாகப் புகை மாதிரி அடித்தால் பெரும்பாலும் தெளியும்.

எனாமல் ஒரு வாரமாகியும் பிசுபிசுக்கிறதா? அடியில் படிந்ததைச் சரியாகக் கலக்காமல் அடித்திருப்பீர்கள். இன்னொரு வாரம் பாருங்கள். அப்போதும் உலராவிட்டால் உரித்துவிட்டு மறுபடி அடிப்பதுதான் வழி. மேலே இன்னொரு பூச்சு அடிப்பது தீர்வு ஆகாது.

டிகால் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் எண்கள், சின்னங்கள் உள்ள தாள்) மஞ்சளாகிவிட்டது, தண்ணீரில் போட்டால் தூள் தூளாகிறது

மஞ்சளுக்கு வெயில்தான் மருந்து. தாளை ஜிப் கவரில் போட்டு, படம் வெளியே தெரியும்படி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வையுங்கள். பரண் செய்த தீமையை ஜன்னல் சரிசெய்யும். எனக்கு இரண்டு வாரத்தில் வெண்மை திரும்பியது. தினமும் பாருங்கள், அதிகமானால் சிவப்பும் வெளிறிவிடும்.

பிறகு தேவையில்லாத ஒரு எழுத்தை மட்டும் வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுச் சோதியுங்கள். அது சிதறினால் முழுத் தாளின் மேலும் தெளிவான வார்னிஷ் ஸ்ப்ரே இரண்டு பூச்சு அடியுங்கள். இப்போது தாள் முழுக்க ஒரே படலம் ஆகிவிட்டதால், ஒவ்வொரு படத்தையும் அதன் விளிம்பை ஒட்டி வெட்டியாக வேண்டும். பின்பக்கப் பசை செத்துப் போயிருந்தால் நீர்த்த ஃபெவிகால் ஒரு சொட்டு.

ஒட்டியபின் படத்தைச் சுற்றி வெள்ளி மினுமினுப்பு தெரிந்தால் அடியில் காற்று சிக்கியிருக்கிறது. சொரசொரப்பான பெயிண்ட் மேல் ஒட்டியதால் வருவது. பளபளப்பான வார்னிஷ் அடித்துவிட்டு ஒட்டினால் வராது. வந்துவிட்டால், ஊசி நுனியால் சில இடங்களில் குத்தி, தண்ணீர் கலந்த வினிகரை பிரஷ்ஷால் தொட்டு, ஈரப் பஞ்சால் அழுத்துங்கள்.

பிட்டோ குழாய் ஒடிந்துவிட்டது

ஒடியும். மேசையில் இருக்கும்போதே இரண்டு முறை ஒடியும். ஆகவே அதைக் கடைசியில் ஒட்டுங்கள், கிட்டில் வந்த பிளாஸ்டிக் குழாயையே ஒட்டாதீர்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் மெல்லிய சிரிஞ்ச் ஊசியே போதும்: கூரான முனையை அரத்தால் மழுக்கி, மூக்கின் அடியில் அதே கனத்துக்கு ஒரு துளை போட்டு, எப்பாக்ஸி தொட்டுச் செருகிவிடுங்கள். கம்பி நேராக இருக்கிறதா என்று முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பசை இறுகப் பல மணி நேரம் ஆகும். அதுவரை மூக்குக்கு மேலும் கீழும் இரண்டு தீப்பெட்டிகளை முட்டுக் கொடுத்து, குழந்தைகள் கைக்கு எட்டாத தட்டில் வைத்துவிடுங்கள்.